அந்த வசனம் எங்கே போனது? வேதாகமத்தின் பழைய பிரதிகளைச் சோதிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), பாதிப் பேர் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்). வீட்டில் விசேஷம் என்றால் எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுவோம். "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற இடம் வந்ததும் ஆர்.சி.யான பெரியப்பா வீட்டார் "ஆமென்" சொல்லி நிறுத்திவிடுவார்கள். நாங்கள் மட்டும் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று போய்க்கொண்டே இருப்போம். அவர்களுக்கு முழு ஜெபமும் தெரியாது போல என்று சின்ன வயதில் நினைத்தேன். பெரியப்பா மகளோ, நாங்கள்தான் ஏதோ கூட்டிச் சொல்கிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு. அந்தப் பதிலைத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் விசுவாசிகளே. தாங்கள் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த வாசகத்தையே எடுத்து, "இது உண்மையிலேயே மத்தேயு எழுதியதுதானா?" என்று கேட்டார்கள். கேட்பதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. "புதிய மொழிபெயர்ப்புகளில் வசனங்களை நீக்கிவிட்டார்கள், எச்சரிக்கை!" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் தவறாமல், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று சொல்லும் 1 யோவான் 5:7 இருக்கும். எதிர்ப்பக்கத்தில் வேறு சிலர் அதே வசனத்தைக் காட்டி, "பைபிளையே மாற்றிவிட்டார்கள், எதையும் நம்ப முடியாது" என்கிறார்கள். நடந்தது என்ன என்பதை இரண்டு தரப்புமே கவனிப்பதில்லை. அதைத்தான் அடியிலிருந்து சொல்லப் போகிறேன். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கையால் எழுதிய காலம்

புதிய ஏற்பாட்டு நூல்கள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. பவுலோ யோவானோ எழுதிய மூலத்தாள் ஒன்றுகூட இன்று இல்லை. ஐரோப்பாவில் அச்சு வந்தது பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில். அதுவரை சுமார் 1,400 ஆண்டுகள் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவதுதான் ஒரே வழி. அப்படிக் கையால் எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் கைப்பிரதி என்போம்.

இன்று கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட கைப்பிரதிகள் இருக்கின்றன. சில முழுப் புத்தகம், பல கிழிந்த துண்டுகள். மிகப் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படும் துண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. ஏடிஎம் கார்டைவிடச் சற்றே பெரியது. யோவான் 18ஆம் அதிகாரத்தின் சில வரிகள் அதில் தெரிகின்றன. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். பெரிய பிரதிகளில் பழையவை இரண்டு: வத்திக்கான் நூலகத்தில் உள்ள வத்திக்கான் பிரதி, சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீன் மடத்திலிருந்து வந்த சீனாய்ப் பிரதி. இரண்டும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கையால் எழுதினால் வித்தியாசம் வராமல் இருக்காது. ஒரே இடத்தில் பிரதிக்குப் பிரதி சொல் மாறி வந்தால் அதைப் பாடபேதம் என்கிறோம். தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமான சொல்தான் இது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தாரே, அந்த வேலையின் இன்னொரு வடிவத்தைத்தான் வேதாகமத்துக்கும் செய்தார்கள். இந்த வேலைக்கு மூலபாட ஆய்வு என்று பெயர். அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆசிரியர் முதலில் எழுதிய சொல் எது? எழுதியது உண்மையா, நம்பலாமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

கை எப்படித் தவறும்

பள்ளியில் நோட்டுப் பார்த்து எழுதியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரு வரி "செய்தார்" என்று முடிகிறது. மூன்று வரி கீழே இன்னொரு வரியும் "செய்தார்" என்று முடிகிறது. முதல் "செய்தார்" வரை எழுதிவிட்டுக் கண்ணைத் தூக்கினால், பார்வை இரண்டாவது "செய்தார்" மேல் போய் விழும். நடுவிலுள்ள மூன்று வரியும் காணாமல் போகும். எழுதியவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, நினைவு கையை முந்திக்கொள்வது. கர்த்தர் கற்பித்த ஜெபம் மத்தேயுவில் நீளமாகவும், லூக்கா 11ஆம் அதிகாரத்தில் சுருக்கமாகவும் இருக்கிறது. லூக்காவை எழுதிக்கொண்டிருக்கும் துறவிக்கு மத்தேயுவின் வடிவம் தினமும் வாயில் வருவது. கை தன்னால் அதை எழுதிவிடும். பிற்காலப் பிரதிகள் பலவற்றில் லூக்காவின் ஜெபம் மத்தேயுவின் ஜெபம்போல நீண்டுவிட்டது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் லூக்காவிலும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். பழைய பிரதிகளில் அங்கே "பிதாவே" மட்டும்தான்.

மூன்றாவது, ஓரக்குறிப்பு உள்ளே வருவது. என் பாட்டியின் சமையல் நோட்டில் ஒரு ஊறுகாய்க் குறிப்பின் ஓரத்தில், பென்சிலால் "வெந்தயம் கொஞ்சம்" என்று அத்தை எழுதியிருந்தார். அதைப் பார்த்துப் புது நோட்டில் எழுதிய அக்கா, வெந்தயத்தைப் பட்டியலுக்குள்ளேயே சேர்த்துவிட்டாள். இன்று அவள் மகளைக் கேட்டால், அது பாட்டியின் செய்முறை என்று சத்தியம் செய்வாள். இயேசு ஒரு நோயாளியைக் குணமாக்கிய பெதஸ்தா குளத்துக் கதையில் இப்படித்தான் நடந்திருக்கிறது. யோவான் சுவிசேஷம் 5:7இல் (வாட்ஸ்அப்பில் வரும் 1 யோவான் வேறு, அது ஒரு நிருபம்) நோயாளி, தண்ணீர் கலங்கும்போது என்னைக் கொண்டுபோய்விட ஆள் இல்லை என்கிறார். தண்ணீர் ஏன் கலங்க வேண்டும் என்று வாசகர் கேட்பார் அல்லவா? தேவதூதன் இறங்கிக் கலக்குவான் என்ற விளக்கம் 4ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆனால் மிகப் பழைய பிரதிகளில் அந்த வசனம் இல்லை. யாரோ ஓரத்தில் எழுதிய விளக்கம் பிறகு உள்ளே வந்திருக்கிறது. இப்படி வந்து சேர்வதைத் தமிழில் இடைச்செருகல் என்போம். செருகியவர் ஏமாற்ற நினைத்தார் என்று பொருளில்லை. அக்கா யாரையும் ஏமாற்றவில்லையே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூலத்தாள் இல்லை, கைப்பிரதிகள் ஏராளம், அவற்றில் பாடபேதங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை கண்ணும் கையும் நினைவும் செய்த வேலை.

எண்ணிக்கையைவிட உறவு முக்கியம்

சரி, 5,000 பிரதிகள் இருக்கின்றன. ஓட்டெடுப்பு நடத்தி, பெரும்பான்மை சொல்வதை எடுத்துக்கொள்ளலாமே? அது சரிவராது. ஒரு வகுப்பில் நாற்பது பேர். ஆசிரியர் சொன்னதை நேரில் கேட்டு எழுதியவர்கள் மூன்று பேர்தான். மீதி 37 பேரும் முதல் பெஞ்சுப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். அவள் ஓர் ஆண்டைத் தவறாக எழுதியிருந்தால் 38 நோட்டிலும் அதே தவறு. ஆனால் சாட்சி 38 இல்லை, ஒன்றுதான். ஒரே வாட்ஸ்அப் செய்தி 200 குழுக்களில் வந்தால் அது 200 பேர் பார்த்த சம்பவம் ஆகிவிடாது. அதுபோல.

ஆகவே ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது பிரதிகளின் உறவை. ஒரே விநோதமான தவறு இரண்டு பிரதிகளிலும் இருந்தால் அவை ஒரே தாயின் பிள்ளைகள். இப்படிப் பிரதிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கலாம். அப்புறம் வயது பார்ப்பார்கள். பிறகு இடம்: எகிப்திலும் இத்தாலியிலும் சிரியாவிலும் தனித்தனியாக ஒரே வாசகம் வந்தால் அதற்கு மதிப்பு அதிகம். கடைசியாக, எந்த வாசகத்திலிருந்து மற்றவை பிறந்திருக்க முடியும் என்று கேட்பார்கள். கரடுமுரடான வாசகத்தை ஒருவர் மெழுகி எளிதாக்கியிருப்பார் என்பது நம்பக்கூடியது. எளிதாக இருந்ததை வேண்டுமென்றே கடினமாக்கியிருப்பார் என்பது நம்பக் கடினம். எனவே கடினமான வாசகத்துக்கே பொதுவாக முன்னுரிமை.

இந்தக் கடைசி விதியை வகுத்துச் சொன்னவர் யொஹான் ஆல்பிரெக்ட் பெங்கல் என்ற ஜெர்மன் லுத்தரன் போதகர். அவர் கதையில் கொஞ்சம் நிற்கலாம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706க்கு அடுத்த ஆண்டு, ஜான் மில் என்ற ஆங்கில அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அதில் சுமார் 30,000 பாடபேதங்களைக் குறித்திருந்தார். படித்தவர்கள் அதிர்ந்து போனார்கள். விசுவாசத்தைக் கெடுக்கிறார் என்று மில்லைத் திட்டியவர்கள் உண்டு. மில் வேறுபாடுகளை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை எண்ணிக் காட்டினார், அவ்வளவுதான். பெங்கல் அப்போது இளைஞர், பக்தியில் ஊறியவர். இவ்வளவு வேறுபாடா என்று அவருக்கு உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. அவர் மில்லின் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. பிரதிகளைத் தானே சேகரித்து, ஒப்பிட்டு, பல ஆண்டுகள் உழைத்து 1734இல் தன் பதிப்பை வெளியிட்டார். வேறுபாடுகள் உண்மை, ஆனால் சுவிசேஷ விசுவாசத்தின் எந்தப் பகுதியும் அவற்றால் அசையவில்லை என்பது அவர் கண்ட முடிவு. பயந்த இடத்துக்குள்ளேயே நடந்து போய்ப் பார்த்தவர் அவர். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

ஆனாலும் 1 யோவான் 5:7ஐ மட்டும் விட்டுவிட பெங்கலுக்கே மனம் வரவில்லை. அது மூலத்தில் இருந்ததுதான் என்று வாதாடினார். நேசிக்கிற வசனத்தைச் சோதிப்பது அவ்வளவு கஷ்டம்.

சுருக்கமாக: பிரதிகளை எண்ணினால் போதாது, எடைபோட வேண்டும். உறவு, வயது, பரவல், எதிலிருந்து எது பிறந்தது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு.

அந்த வசனத்தின் கதை

இப்போது வாட்ஸ்அப் வசனத்துக்கு வருவோம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7 இப்படி இருக்கிறது: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." அடுத்த வசனம் பூலோகத்தில் சாட்சியிடும் ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்றைப் பற்றியது. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைத் திறந்தால், ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான் இருக்கும். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற பகுதி வசனத்தில் இல்லை.

என் பாட்டியின் வேதாகமத்தில் இந்த வசனம் சிவப்பு மையால் இரண்டு தரம் அடிக்கோடிடப்பட்டிருக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை இவ்வளவு தெளிவாக ஒரே வரியில் சொல்லும் இடம் வேதாகமத்தில் வேறில்லை. அதனால்தான் வலி.

ஆதாரங்கள் என்ன சொல்கின்றன? கிரேக்கப் பிரதிகளில் அந்தப் பகுதி உள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் மிகப் பிந்தியவை. சிலவற்றில் அது ஓரத்தில்தான் பிறகு எழுதப்பட்டிருக்கிறது. லத்தீனில்தான் அதன் வேர். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் எழுதப்பட்ட ஒரு லத்தீன் நூலில் அது முதலில் தெளிவாக வருகிறது. ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்றையும் பார்த்த ஒருவர், இது திரித்துவத்தைக் குறிக்கிறது என்று ஓரத்தில் விளக்கம் எழுதியிருக்கலாம். பாட்டி நோட்டின் வெந்தயம்போல அது மெல்ல உள்ளே வந்திருக்கிறது. நாளடைவில் லத்தீன் பிரதிகள் பலவற்றிலும் பரவியது. மேற்கு ஐரோப்பா முழுவதும் லத்தீன் வேதாகமத்தை வாசித்ததால், பல நூற்றாண்டுகளாக அது யோவானின் வசனமாகவே எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு, அது ஒரு மௌனம். நான்காம் நூற்றாண்டில் கிரேக்கம் பேசிய ஆயர்கள் திரித்துவம் குறித்துப் பல பத்தாண்டுகள் கடுமையாக விவாதித்தார்கள். கைக்குக் கிடைத்த வசனத்தையெல்லாம் எடுத்து வாதாடினார்கள். இந்த ஒரு வசனம் கையில் இருந்திருந்தால் எடுத்துக் காட்டாமல் விட்டிருப்பார்களா? அவர்கள் யாரும் இதை மேற்கோள் காட்டவில்லை.

1516இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், எராஸ்மஸ் என்ற கத்தோலிக்கக் குரு கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். கையிலிருந்த கிரேக்கப் பிரதிகளில் அந்தப் பகுதி இல்லை, ஆகவே அவர் பதிப்பிலும் இல்லை. 1519இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இல்லை. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அந்த இரண்டாம் பதிப்பை வைத்து ஜெர்மனில் மொழிபெயர்த்ததால், அவர் உயிரோடிருந்தவரை அவருடைய மொழிபெயர்ப்பிலும் அது இல்லை. பிற்காலத்தில் அச்சிட்டவர்கள்தான் சேர்த்தார்கள்.

எராஸ்மஸுக்கு எதிர்ப்பு கிளம்பியது. வசனத்தை நீக்கிவிட்டார் என்றார்கள், இன்றைய வாட்ஸ்அப் செய்தி சொல்வதைப் போலவே. நான் நீக்கவில்லை, எந்தக் கிரேக்கப் பிரதியிலும் காணவில்லை என்றார் அவர். பிறகு அந்த வசனம் உள்ள ஒரு கிரேக்கப் பிரதி அவருக்குக் காட்டப்பட்டது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் அந்தப் பிரதி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதாவது எராஸ்மஸ் காலத்திலேயே. 1522இல் மூன்றாம் பதிப்பில் அவர் வசனத்தைச் சேர்த்தார். ஆனால் அந்தப் பிரதி லத்தீனைப் பார்த்துத் திருத்தப்பட்டிருக்கும் என்ற தன் சந்தேகத்தையும் குறிப்பில் எழுதிவைத்தார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு கதை நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. ஒரே ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினாலும் சேர்க்கிறேன் என்று எராஸ்மஸ் வாக்குக் கொடுத்தாராம், வாக்கைக் காப்பாற்றத்தான் சேர்த்தாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எராஸ்மஸின் எழுத்துகளில் அப்படியொரு வாக்குறுதி கிடையாது என்று ஹெங்க் யான் டி யோங்கே என்ற டச்சு அறிஞர் 1980இல் காட்டினார். அந்தக் கதையைத் தன் நூலில் சொல்லியிருந்த புரூஸ் மெட்ஸ்கர் என்ற அமெரிக்க அறிஞர், பிற்பதிப்பில் அது திருத்தப்பட வேண்டும் என்று குறிப்பு எழுதினார். மெட்ஸ்கர் பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகரும்கூட. அவர் ஆதரித்த முடிவுக்கு அந்தக் கதை வசதியாகத்தான் இருந்தது. இருந்தும் விட்டுவிட்டார். இப்படிப்பட்டவர்கள் சொல்வதைத்தான் நான் காதுகொடுத்துக் கேட்பேன்.

எராஸ்மஸின் பதிப்பிலிருந்து அடுத்தடுத்த அச்சுப் பதிப்புகள் வந்தன. 1611இன் ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு அவற்றிலிருந்து வந்தது. உலகத்தின் பல மொழிகளிலும் இதே வழி. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்தது. நான்காம் நூற்றாண்டுப் பிரதிகளைப் பெரிதும் சார்ந்து வெஸ்ட்காட், ஹார்ட் என்ற இரண்டு ஆங்கிலிக்கன் குருமார்கள் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு வந்ததோ 1881இல். அதே ஆண்டு வந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு அந்தப் பகுதியை விட்டுவிட்டது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் காலத்தில் வழக்கிலிருந்த மூலத்துக்கு அவர்கள் உண்மையாக இருந்தார்கள்.

சுருக்கமாக: புதிய மொழிபெயர்ப்புகள் யோவான் எழுதியதை வெட்டவில்லை. லத்தீன் வழி உள்ளே வந்த ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து வெளியே வைத்தன.

ஒரு சபை மாற எவ்வளவு நாளாகும்

கத்தோலிக்கத் திருச்சபையில் இது எப்படி நடந்தது என்பது ஒரு பாடம். 1897 ஜனவரியில் ரோமையின் திரு அலுவலகத்திடம் ஒரு கேள்வி வந்தது. விசுவாசக் கோட்பாட்டைக் காக்கும் பொறுப்பு அந்த அலுவலகத்துக்கு. 1 யோவானின் அந்தப் பகுதி உண்மையானதல்ல என்று சொல்லலாமா, குறைந்தபட்சம் சந்தேகிக்கவாவது செய்யலாமா? பாதுகாப்பாக அப்படிச் செய்ய முடியாது என்று பதில் வந்தது. கத்தோலிக்க ஆய்வாளர்களுக்கு இது பெரிய சங்கடம். கண்ணெதிரே பிரதிகள் ஒன்று சொல்கின்றன, அலுவலகம் வேறொன்று சொல்கிறது.

முப்பது ஆண்டு கழித்து, 1927 ஜூனில், அதே அலுவலகம் விளக்கம் வெளியிட்டது. முந்தைய பதில், தனிப்பட்டவர்கள் தாங்களாகவே முடிவுகட்டிவிடும் துணிச்சலைத் தடுக்கத்தான். கத்தோலிக்க ஆய்வாளர்கள் ஆதாரங்களை நிதானமாக எடைபோட்டு, அந்தப் பகுதி மூலத்தில் இல்லை என்ற கருத்துக்கு வருவதைத் தடுக்கும் நோக்கம் இல்லை என்றார்கள். 1979இல் திருச்சபையின் அதிகாரபூர்வப் புதிய லத்தீன் வேதாகமம் வெளிவந்தபோது அந்தப் பகுதி அதில் இல்லை. வசனம் பரவியதே லத்தீன் வேதாகமத்தின் வழியாக. அதே லத்தீன் வேதாகமத்திலிருந்து, அதே சபை அதை எடுத்தது.

1897க்கும் 1979க்கும் இடையே 82 ஆண்டுகள். மெதுவாகத்தான் நடந்தது, முழு மனதோடு தொடங்கியதாகவும் சொல்ல முடியாது. ஆனாலும் நடந்தது. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினாரே, அதில் முதல் பாதியைச் செய்ய நேரம் எடுக்கும்.

இதை ஏற்காத கிறிஸ்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடவுள் தம் வார்த்தையைக் காப்பவர், சபை பல நூற்றாண்டுகள் கையிலெடுத்து வாசித்த வடிவத்திலேயே அது காக்கப்பட்டிருக்கும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பற்று உண்மையானது. ஆனால் சபை என்றால் எந்தச் சபை என்று நான் கேட்பேன். முதல் ஆயிரம் ஆண்டுகள் கிரேக்கத்தில் வாசித்த சபைகளிடம் அந்த வரி இல்லவே இல்லை.

அப்படியானால் திரித்துவம்?

பலர் பயப்படுவது இங்கேதான். வசனம் போனால் உபதேசம் போய்விடுமே! போகாது. காரணத்தை முன்பே பார்த்துவிட்டோம். நிசேயா பொதுச்சங்கம் 325இல் கூடியது, கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் 381இல். திரித்துவ விசுவாசத்தை வார்த்தையில் வடித்தவர்கள் இந்த வசனத்தின் உதவியே இல்லாமல்தான் வடித்தார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே ஞானஸ்நானம் கொடுங்கள் என்ற மத்தேயு 28:19, சபையில் ஆசீர்வாதமாகச் சொல்லும் 2 கொரிந்தியர் 13:14 போன்ற இடங்கள் அவர்களுக்கு இருந்தன. வீட்டைத் தாங்காத ஒரு தூணை எடுத்தால் கூரை விழாது.

இதைப் பாட்டியிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். ஒருநாள் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "யோவான் எழுதாததை யோவான் எழுதினதா நான் சொல்லக் கூடாது இல்லையா" என்றார். வேதாகமத்தை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அடிக்கோடு அப்படியேதான் இருக்கிறது. ஓரத்தில் பேனாவால் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்ந்திருக்கிறது.

எடுப்பதும் உண்டு, வைத்திருப்பதும் உண்டு

சந்தேகம் வந்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிடுகிறார்கள் என்ற எண்ணமும் தவறு. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் யோவான் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்ற சொல்லை அறியாதவர் யார்? ஆனால் யோவான் 7:53 முதல் 8:11 வரையான அந்தப் பகுதி மிகப் பழைய பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா சுவிசேஷத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. யோவான் எழுதியதல்ல என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. இருந்தாலும் இயேசுவைப் பற்றி ஆதிச் சபையில் வழங்கிவந்த பழைய நினைவாக இருக்கலாம் என்று அவர்களில் பலரே சொல்கிறார்கள். ஆகவே புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் அதை அங்கேயே அடைப்புக்குறிக்குள் வைத்து, கீழே குறிப்பு எழுதியிருக்கின்றன. மாற்கு சுவிசேஷத்தின் முடிவான 16:9-20க்கும் பெரும்பாலும் இதே ஏற்பாடு. வாசகருக்கு முழு விவரமும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எங்கள் வீட்டு ஜெபத்துக்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். மத்தேயுவின் மிகப் பழைய பிரதிகளில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" இல்லை. ஆக, மத்தேயு நிறுத்திய இடத்தில் நிறுத்துவது பெரியப்பா வீட்டார்தான். ஆனால் மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான திதாக்கேயில், ஜெபத்தின் முடிவில் ஏறக்குறைய இதே புகழுரை வருகிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஜெபித்தபோது முடிவில் சொன்ன வார்த்தைகள் பிறகு சுவிசேஷப் பிரதிக்குள் வந்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியிலும் ஜெபத்துக்குச் சற்றுப் பின்னால் மக்கள் அதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். பெரியப்பா மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நீங்க சொல்றதும் பழசுதான்" என்றாள்.

வேதாகமம் கையில் இருந்தால் இன்னும் ஓர் இடத்தைப் பாருங்கள். அதே 1 யோவான், 2ஆம் அதிகாரம், 23ஆம் வசனம்: குமாரனை மறுதலிக்கிறவன் பிதாவை உடையவனல்ல என்பது முதல் பாதி. குமாரனை அறிக்கையிடுகிறவன் பிதாவையும் உடையவன் என்பது பின் பாதி. கிரேக்கத்தில் இரண்டு பாதியும் ஒரே மாதிரி முடிகின்றன. நோட்டுப் பார்த்து எழுதியவரின் கண் தாவிவிட்டதால், பிற்காலப் பிரதிகள் பலவற்றில் பின் பாதி விழுந்துவிட்டது. எராஸ்மஸ் வழி வந்த பழைய அச்சுகள் பலவற்றில் அது இல்லை. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் அந்தப் பாதியை, சந்தேகத்தின் அடையாளமாக, வேறு எழுத்தில் அச்சிட்டார்கள். சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்த வார்த்தைகள் பத்திரமாக இருந்தன. 5:7ஐ வெளியே வைக்கச் சொன்ன அதே இரண்டு பிரதிகள்தான் இவை. இன்று அந்தப் பின் பாதியை எந்தத் தயக்கமுமின்றி வேறெழுத்து இல்லாமல் அச்சிடுகிறார்கள்.